ஆள் பார்த்து விரியும் மெனு

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, "இத எழுதுததுக்கு ஆரு சாரே உங்களுக்கு அனுமதி தந்தது?" என்று கேட்பார். உப்பு, புளி மாதிரி அனுமதி என்பதும் அவருக்கு அன்றாடச் சொல். ஆகவே மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் இல்லாத இடத்தில் வேறு பெயர்களும் உண்டு. அவற்றில் அச்சில் ஏற்றத்தக்கது ‘சி.ஐ.டி.’ ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து மேற்கே போகிற சாலையில் இருக்கிறது என்பது போதும். நான் அங்கே பதிவேட்டுப் பிரிவில் தலைமை எழுத்தர். தலைமை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எனக்குக் கீழே ஒரே ஒரு ஆள். சுயம்பு என்று பெயர், அவனும் எங்கள் ஊர், அடுத்த தெரு. மேடம் கருங்கல் பக்கம். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் ஆஸ்பத்திரிக்கும் ஒரு புரோகிராம் எழுதித் தரச்சொல்லிக் கூட்டிவந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வந்த முதல் நாள் அவர் செய்த வேலை, மேஜையைத் திருப்பிப் போட்டு, திரையின் முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்ததுதான். கதவைத் திறப்பவர்களுக்குத் திரையின் முதுகும் மேடத்தின் கண்ணாடியும் மட்டும் தெரியும்.

எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து முதலில் வருவது பதில் அல்ல, கேள்வி. "மேடம், மணி என்ன ஆச்சு?" என்றால், "என்னத்துக்கு?" "நாளைக்கு லீவா மேடம்?" என்றால், "ஆருக்கு?" ஒருமுறை கேன்டீனில் அவர் இலையில் என்ன பொரியல் என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன். "உங்களுக்கு வேணுமா, சும்மா அறியதுக்கா?" என்றார். சும்மா அறிவதற்குத்தான். உலகத்தில் நான் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி சும்மா அறிவதற்குத்தான் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

கேன்டீன்காரர் முன்கூட்டிப் போட்டு வைத்திருக்கும் சாயாவை அவர் தொடமாட்டார். "எனக்க முன்னால போடுங்க" என்பார். பால் பொங்கி, தேயிலை இறங்கி, சீனி விழுவது வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பார். கேன்டீன்காரருக்கு அதில் ரொம்ப வருத்தம். "நான் என்ன விஷமா கலக்கப்போறேன்?" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். நான் அதை உடனே நாலு பேரிடம் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு சுபாவம். இந்தச் சித்திரத்தில் அதுவும் ஒரு பாத்திரம்.

அவர் எழுதிய புரோகிராமும் அவரைப் போலத்தான் இருந்தது. திரையின் மேலே வரிசையாக நாலு சொற்கள்: பதிவு, நோயாளி, அறிக்கை, உதவி. ஒன்றில் அமுக்கினால் கீழே ஒரு பட்டியல் விரியும். அதற்குத்தான் மெனு என்று பெயர். உலகத்தில் மற்ற புரோகிராம்காரர்கள் அந்தப் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்களாம். யார் வந்து அமுக்கினாலும் அதே வரிகள். மேடத்தின் புரோகிராமில் பட்டியல் காலியாகக் கிடக்கும். நாம் அமுக்கிய பிறகுதான் அமுக்கியது யார், எந்தப் பிரிவு, இப்போது திரையில் இருப்பது எந்த நோயாளியின் எண் என்றெல்லாம் உள்ளுக்குள் விசாரணை நடந்து, இன்னாருக்கு இன்னின்ன வரிகள் என்று அந்த நொடியில் நிரப்பித் தரும். கண் சிமிட்டும் நேரத்தில் இத்தனையும் முடிந்துவிடும்.

"ஒரேடியா எல்லாருக்கும் எழுதி வச்சிட்டா வேலை மிச்சம்லா மேடம்?" என்று கேட்டேன்.

"சாரே, கல்யாணச் சத்தியக்கு எலை போட்ட உடனே விளம்பி வச்சிருவாங்களா? ஆளு வந்து இருக்கட்டு. மொகத்தைப் பாத்துட்டு விளம்பலாம்."

"பந்தியில எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தானே மேடம் விளம்புவாங்க?"

"சுகர்காரனுக்குப் பாயசம் விளம்புவியளா?"

விளம்புவோம். எங்கள் ஊரில் சுகர்காரர்தான் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்குவார். ஆனால் மேடத்திடம் அதைச் சொல்லவில்லை.

காலியான மெனு விரியவே விரியாதாம். அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மை வரியைப் போட்டு வைத்து, அமுக்கியதும் அதை எடுத்துவிட்டு நிஜ வரிகளை நிரப்ப வேண்டும். ஆரம்பத்தில் ஒரு வாரம், பழையதைத் துடைக்காமலே புதிது புதிதாக நிரப்பிக்கொண்டிருந்தது புரோகிராம். ஒரு தடவை அமுக்கினால் ஒரு ‘வெளியேறு’, இரண்டாவது தடவை இரண்டு ‘வெளியேறு’. மத்தியானத்துக்குள் சுயம்புவின் திரையில் மேலிருந்து கீழ்வரைக்கும் வெளியேறு, வெளியேறு, வெளியேறு என்று அடுக்கியிருந்தது. சுயம்பு அப்போது நிரந்தரமாகாத ஆள். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணாச்சி, இது மேனேஜ்மெண்ட்ல இருந்து போட்டதா இருக்குமோ?"

"ஏலே, ஒரு ஆளை வெளிய அனுப்ப இத்தனை தடவையா சொல்லுவான்?" என்று தைரியம் சொல்லிவிட்டு, என் திரையில் எத்தனை இருக்கிறது என்று ரகசியமாக எண்ணிப் பார்த்தேன்.

மேடம் வந்து பார்த்தார். "தொடைக்க மறந்தாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் தன் தவறை ஒத்துக்கொண்டதை நான் பார்த்தது இரண்டே தடவை. இது முதலாவது.

ஆளுக்கொரு மெனு என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி முழுக்க சந்தேகம் பரவியது. "உமக்கு எத்தனை வரி வே?" என்பது குசலம் விசாரிப்பதுபோல் ஆயிற்று. மருந்தகத்தில் ஒன்பது, லேபில் பன்னிரண்டு. நிர்வாக அதிகாரிக்கு நாலே நாலு. அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. மேடத்தின் அறைக்கு அவர் போய்வந்த மறுநாள் அவருடைய மெனுவில் ‘உயர்நிலை ஆய்வு’ என்று ஐந்தாவதாக ஒரு வரி முளைத்திருந்தது. அமுக்கினால் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக ஓடி, ‘ஆய்வு முடிந்தது’ என்று வரும். தினமும் காலையில் அவர் அதை ஓடவிட்டுவிட்டுத்தான் சாயா குடிப்பார். அந்தப் பட்டை எதை ஆய்ந்தது என்று எனக்குத் தெரியாது. எதையுமே ஆயவில்லை என்பது என் சந்தேகம்.

பிறகுதான் மேடம் நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் பிரிவுக்கு வந்தார்.

"சாரே, உங்களுக்க ஊரு?"

சொன்னேன்.

"வைஃபுக்க ஊரு? அம்மைக்க ஊரு? தங்கச்சியைக் கட்டிக் குடுத்தது எங்க?"

வரன் பார்க்கிறாரோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்டால் உற்சாகம் தானாக வந்துவிடும். எந்த ஊர், அந்த ஊரில் யார் வீடு என்று இரண்டு கேள்வி போட்டால் மூன்றாவது நிமிஷத்தில் எப்படியும் ஒரு மாமன் முறை கிடைத்துவிடும். பெண் எடுத்தது, பெண் கொடுத்தது, சித்தி வாழ்க்கைப்பட்டது, அண்ணன் சம்பந்தம் செய்தது என்று பதினோரு ஊர் சொன்னேன். அதில் ஒன்று தலைமை டாக்டரின் ஊர். அந்த ஊரோடு எங்களுக்கு உறவு இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். மேடம் முகம் அசையாமல் பதினொன்றையும் எழுதிக்கொண்டார். சுயம்பு இரண்டே ஊர் சொன்னான். அவன் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் புரிந்தது. நோயாளியின் எண்ணைப் போட்டு ‘நோயாளி’ மெனுவை அமுக்கினால் எனக்குப் பாதி நேரம் ‘பழைய குறிப்பு’ என்கிற வரியே வரவில்லை. சுயம்புவுக்கு வந்தது. நான் பார்க்க வேண்டிய வேலைக்கெல்லாம் அவனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மாடிப்படிக்குக் கீழே போய் நின்றேன்.

"உங்களுக்க ஊருகள்ள உள்ள ஆளுன்னா அந்த வரி வராது சாரே. சொந்தக்காரனுக்க சீக்கைச் சொந்தக்காரன் பாக்கப்பிடாது."

"அதுல ஒரு நாலு ஊரு சும்மா சொன்னது மேடம்."

"எந்த நாலு?"

சொன்னேன். கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணைக்குச் சொன்னது பொய்யா, இப்ப சொல்லுதது பொய்யா? எனக்கு அறியாது. பதினொண்ணும் கெடக்கட்டு."

பெருமைக்குச் சொந்தம் கொண்டாடி வேலை பறிபோன முதல் எழுத்தர் நானாகத்தான் இருப்பேன். கோபத்தில், "ஆஸ்பத்திரியில வேலை பாக்கவன எல்லாம் கள்ளன் மாதிரி பாத்தா எப்படி மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மேஜையிலிருந்த குடையை எடுத்து மறுபக்கம் வைத்தார்.

"எனக்க தங்கச்சியை ஒரு ஆஸ்பத்திரியில காட்டிட்டு பஸ்ல கூட்டிட்டு வந்தேன் சாரே. ஒன்றரை மணிக்கூர் பஸ்சு. நாங்க வீட்டுக்கு வாறதுக்கு முன்ன சீக்கு வீட்டுக்கு வந்தாச்சு. வீட்டு முத்தத்துல ஆளுவ நிக்காவ. ஆரும் கள்ளன் இல்ல. எல்லாம் நம்ம ஆளுவதான்."

என்ன சீக்கு, தங்கை இப்போது எங்கே என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் "சும்மா அறியதுக்கா?" என்று வந்திருக்கும்.

இனி என் வீட்டு விஷயம். வீட்டில் நானும் மனைவியும்தான். மகன் சென்னையில். ஒரு பூனை உண்டு. அந்தக் காலத்தில் என் மனைவி செவ்வாய்க்கிழமைதோறும் திங்கள்நகரில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அக்காளுக்கு முட்டுவலி, துணைக்குப் போகிறேன் என்றாள். அக்காள் வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு வருகிற வழக்கமே கிடையாது. மரச்சீனியோ, பலாக்காயோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கட்டு கறிவேப்பிலையாவது வரும். மூன்று செவ்வாய் வெறுங்கையோடு வந்தாள். அக்காளும் தங்கையும் சண்டை போட்டுவிட்டார்கள், எனக்குத் தெரியாமல் மறைக்கிறாள் என்று சந்தேகப்பட்டேன். சண்டைக்கு என்ன காரணம் என்று மூன்று விதமாக யோசித்து, மூன்றையும் சுயம்புவிடம் சொல்லியும் விட்டேன்.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு, மனநலப் பிரிவு மாதிரி சில பிரிவுகளின் கோப்புகள் எங்களிடம் ஒட்டிய உறையில்தான் வரும். பெயர் இருக்காது, எண் மட்டும். உறை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கணினியில் போடுவது மட்டும் எங்கள் வேலை. திரையிலும் எண் மட்டும்தான் தெரியும். இதுவும் மேடத்தின் ஏற்பாடு. ஒரு புதன்கிழமை, புற்றுநோய்ப் பிரிவிலிருந்து வந்த உறையின் எண்ணைப் போட்டு ‘நோயாளி’ மெனுவை அமுக்கினேன். ‘பழைய குறிப்பு’ இல்லை. பழகிப்போன விஷயம். ஆனால் அதற்குக் கீழே எப்போதும் இருக்கும் ‘அடுத்த சந்திப்பு’ என்கிற வரியும் இல்லை. இரண்டு வரி போனது அதுதான் முதல் தடவை.

"ஏலே சுயம்பு, இந்த நம்பரை ஒனக்க கம்ப்யூட்டர்ல போடு."

போட்டான். "பழைய குறிப்பு மட்டும் இல்ல அண்ணாச்சி. மத்ததெல்லாம் இருக்கு."

சுயம்பு சொன்ன ஊர்கள் இரண்டு. ஒன்று எங்கள் ஊர். மற்றது தூத்துக்குடிப் பக்கம், அவன் மனைவியின் ஊர். அங்கிருந்து இங்கே யாரும் வைத்தியத்துக்கு வருவதில்லை. ஆக, ஆள் எங்கள் ஊர். ஊருக்கு ஒரு வரி போகிறது. எனக்கு இரண்டாவது வரி எதற்காகப் போனது? சுயம்புவிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருப்பது என்ன? என் வீடு.

"என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி இருக்கேரு? ஆருன்னு தெரிஞ்சுதா?" என்றான் சுயம்பு. அவனும் எங்கள் ஊர்க்காரன் இல்லையா.

"ஒண்ணுமில்ல. மெஷின் கோளாறு" என்றேன். என் வாழ்க்கையில் நான் மென்று விழுங்கிய முதல் செய்தி அது.

மாடிப்படிக்குக் கீழே போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

"மேடம், ஒரு நம்பருக்கு எனக்கு ரெண்டு வரி வரல."

"எந்த நம்பரு?"

சொன்னேன். அவர் கை விசைப்பலகையின் மேலேயே நின்றது.

"வீட்டுல ரெண்டு பேருதான் மேடம். எனக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல."

மேலே படிக்கட்டில் யாரோ இறங்கிப் போனார்கள். பிறகு சுவரைப் பார்த்திருந்த திரையை முதல் முறையாக அவரே என் பக்கம் லேசாகத் திருப்பினார். அதில் என் மெனு. இரண்டு வரி இல்லாமல்.

"ஒளிச்சு வச்சா போதும்னு நெனச்சேன் சாரே. ஒளிச்ச எடம் இவ்வளவு பெரிசா தெரியும்னு எனக்குத் தோணல்ல. எனக்க தப்புதான்."

பல் போன இடத்தைத்தான் நாக்கு ஓயாமல் தேடும். அவ்வளவு பெரிய சந்தேகக்காரருக்கு அது தெரியாமல் போயிற்று. எல்லா வாசலையும் அடைத்தவர், அடைத்த வாசல்களை எண்ணிப் பார்க்கிற ஒருவன் இருப்பான் என்று சந்தேகப்படவில்லை.

"என்ன சீக்கு மேடம்? எவ்வளவு நாளா?"

"நான் ஒரு ஆளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆருக்குன்னு கேக்காதிய." பிறகு குரலை இறக்கி, "அந்த ஆளா சொல்லுதது வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் அறியாது. முடியுமா?" என்றார்.

"முடியும்."

"முடியாது. உங்களுக்குப் பதினோரு ஊரு."

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. என் மனைவி எனக்குச் சொல்லாமல் ஏன் என் ஆஸ்பத்திரிக்கே வருகிறாள் என்பது அப்போது விளங்கியது. வேறு எங்கே போனாலும் பார்க்கிறவன் கேட்பான். இங்கே பார்த்தால் புருஷனைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று போய்விடுவான். சொல்லாததற்குக் காரணத்தை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேன்டீன்காரரின் வருத்தத்தையே நாலு பேரிடம் சொன்னவன் நான்.

மறுநாள் காலையில் எல்லோருடைய மெனுவிலும் எல்லா வரிகளும் இருந்தன. சுயம்பு கூத்தாடினான். "மேடத்துக்கு இப்பதான் நம்ம மேல நம்பிக்கை வந்திருக்கு" என்று எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தான். எனக்கு மட்டும் தெரியும், நம்பிக்கை இன்னும் ஒரு படி இறங்கியிருக்கிறது என்று. பார்க்கக்கூடாத ஆள் ‘பழைய குறிப்பு’ வரியை அமுக்கினால் ‘குறிப்பு ஏதும் இல்லை’ என்று வரும். உண்மையிலேயே குறிப்பு இல்லாத நோயாளிக்கும் அதே வாசகம்தான். எது பொய், எது மெய் என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. அந்த எண்ணைப் போட்டு நானும் அமுக்கினேன். குறிப்பு ஏதும் இல்லை என்று வந்தது. மேடத்தைத் தவிர, இது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். இருந்தும் ஒரு நொடி நம்பினேன்.

அடுத்த செவ்வாய் வரைக்கும் ஐந்து நாள். மேடம் தினமும் ஏதோ சாக்கில் எங்கள் பிரிவு வழியாக நடந்தார். என் முகத்தைப் பார்ப்பார், சுயம்புவின் முகத்தைப் பார்ப்பார், செய்தி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவியிருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் மனைவி, "என்ன, சத்தத்தையே காணோம்? உடம்புக்கு என்ன? ஆஸ்பத்திரியில காட்டுங்களேன்" என்றாள். திங்கள்நகர் அக்காளுக்குப் போன் போட இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் வைத்தேன். மனைவி சட்டியைக் கழுவும்போது எந்தக் கையைத் தூக்கச் சிரமப்படுகிறாள், எத்தனை தோசை சாப்பிடுகிறாள் என்று ஒளிந்திருந்து கவனிக்கிறவனாக ஆனேன். சந்தேகப்படுவது இவ்வளவு களைப்பான வேலை என்று அதுவரை தெரியாது. மேடம் இதை எத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாரோ.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரை வெளியே எடுத்துவைத்து மனைவியிடம் சொன்னேன்.

"பஸ்ல போகாண்டாம். நான் இன்னைக்குப் பைய போனாப் போதும். உன்னைத் திங்கள்நகர்ல விட்டுட்டுப் போறேன்."

அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்குச் சுத்து?" என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

நாகர்கோவில் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு விலக்கு வரும். இடதுபக்கம் திரும்பினால் திங்கள்நகர். நேராகப் போனால் ஆஸ்பத்திரி. முனையில் ஒரு சாயாக்கடை. விலக்கு நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தேன். இடதுபக்க விளக்கைப் போட வேண்டும், போடவில்லை. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என் தோளில் அவள் கை வந்தது.

"நேரா போங்க" என்றாள்.

போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அத்தனை வருஷம் வேலை பார்த்தும் நான் அதை உபயோகித்ததில்லை. அவள்தான் வழி காட்டினாள். நடந்துகொண்டே சொன்னாள். மார்பில் கட்டி. சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். இன்று முடிவு சொல்வார்கள். "தெரிஞ்சா ஊரெல்லாம் வந்து குத்தவச்சிருவாங்க. அதான் முடிவு வரட்டும்னு இருந்தேன்" என்றாள். ஊரெல்லாம் எப்படித் தெரிந்துகொள்ளும் என்பதை நாகரிகமாக விட்டுவிட்டாள்.

புற்றுநோய்ப் பிரிவின் தாழ்வாரத்தில், ஏதோ கணினியைச் சரிசெய்துவிட்டு மேடம் நின்றிருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. ‘ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது.

"மேடம், இவங்ககிட்ட இப்பதான் சொன்னேன்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுச் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்க பெரிசா பதறவே இல்லியே?" பிறகு அவரிடம், "இவங்களுக்கு முன்னமே தெரியுமா மேடம்?"

நான் தரையில் பதித்த கல்லைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள்.

"அறியாது" என்றார் மேடம். "எனக்க புரோகிராம்ல அப்படி ஆருக்கும் அறிய முடியாது."

என் மனைவி உள்ளே போனாள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்ப சொன்னிய?"

"நான் சொல்லல மேடம்."

"பின்ன அவங்களா சொன்னாங்களா?"

"விலக்குல வச்சு ‘நேரா போங்க’ன்னாங்க. அவ்வளவுதான்."

"நேரா போங்கன்னா?"

இடது, நேர் என்று கையால் காட்டி விளக்கினேன். பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நான் பொய் சொன்னது அவங்களுக்காக. உங்களுக்காக இல்ல. அது ஓர்மையில இருக்கட்டு" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டி கெட்டதுதான். ஆனால் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டார்கள். அறுவை, பிறகு ஆறேழு மாதம் மருந்து, முடி கொட்டி முளைத்தது. இப்போது நன்றாக இருக்கிறாள், செவ்வாய்க்கிழமைகளில் உண்மையிலேயே அக்காள் வீட்டுக்குப் போகிறாள். நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை. வீட்டில் ஒருதடவை கேட்டது போதும் என்பாள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். மேடம் மறு வருஷம் வேலையை விட்டுப் போனார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. போகிறது வரைக்கும் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை.

அந்தச் செவ்வாய் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். விலக்கு முனைச் சாயாக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

"சார், இந்த மாதிரி அட்டை போட்டுட்டு ஒரு மேடம் வந்தாங்க. ஆட்டோல. கையில கொடை. மழையும் இல்ல, வெயிலும் இல்ல."

"என்ன வேணும்னாங்க?"

"ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்க. இந்தா, இதுல நடுவுல நின்னுட்டு, எடதுபக்கம் போனா எங்கன்னு கேட்டாங்க. திங்கள்நகர்னேன். நேரே போனான்னாங்க. உங்க ஆஸ்பத்திரிதான் மேடம்னேன். திங்கள்நகருக்கு நேரே போயும் போகலாமான்னாங்க. அப்படிப் போவ மாட்டாங்க மேடம், சுத்துன்னேன். பொறவு ஒரு பத்து நிமிஷம் போற வாற வண்டியெல்லாம் பாத்துட்டே நின்னாங்க. செரின்னு தனக்குத்தானே சொல்லிட்டு, அதே ஆட்டோல ஏறிப் போயிட்டாங்க."

கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டு, மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இங்கன எடம் வாங்கப் போறாங்களா சார்? யாரு அவங்க?"

மேடத்தின் கதை முழுக்க நாக்கு நுனியில் நின்றது. சாயாவை ஊதினேன்.

"இடம் பாக்க வந்தவங்களா இருக்கும்" என்றேன்.